தொங்கும் பளுவின் எடை 0.98 நியூட்டன், ட்ராலியை இழுப்பது மட்டும் ஏன் 0.82?

நூல்முனை (கேள்வி)

கிடைமட்டத் தடத்தில் 500 கிராம் ட்ராலி. அதில் கட்டிய நூல் தடத்தின் முனையிலுள்ள கப்பியின் மேல் போய்க் கீழே இறங்குகிறது. அந்த முனையில் 100 கிராம் பளு. உராய்வு இல்லை, நூலுக்கும் கப்பிக்கும் நிறை இல்லை என்று வைத்துக்கொண்டு முடுக்கத்தையும் நூலின் இழுவிசையையும் கேட்கிறார்கள்.

என் கணக்கு: பளுவின் எடை 0.1 × 9.8 = 0.98 நியூட்டன். அதுதான் நூல் வழியாக ட்ராலியை இழுக்கிறது. எனவே முடுக்கம் 0.98 / 0.5 = 1.96 மீ/வி². புத்தகத்தின் விடை 1.63, இழுவிசை 0.82 நியூட்டன். மிச்சம் 0.16 நியூட்டன் எங்கே போனது?

இரண்டு சமன்பாடு போட்டும் பார்த்தேன்.
இழுவிசை = 0.5 × முடுக்கம்
இழுவிசை − 0.98 = 0.1 × முடுக்கம்
தீர்த்தால் 2.45 வருகிறது. இது இன்னும் மோசம்.

செய்முறையில் ஓய்விலிருந்து 80 செ.மீ. ஓட ஸ்டாப்வாட்ச்சில் சராசரியாக 1.04 வினாடி ஆனது. தொலைவை இரட்டித்து நேரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் 1.48 மீ/வி². புத்தக விடையோடும் ஒட்டவில்லை, என் விடையோடும் ஒட்டவில்லை.

கூடவே ஒரு சந்தேகம்: நூல் ட்ராலியை எவ்வளவு இழுக்கிறதோ அவ்வளவே ட்ராலியும் நூலை இழுக்கிறது என்பது மூன்றாம் விதி. அப்படியென்றால் இரண்டும் அடிபட்டுப் போய் ட்ராலி அசையாமல் அல்லவா நிற்க வேண்டும்?

விசைப்படம் (பதில்)

0.16 நியூட்டன் எங்கேயும் தொலையவில்லை. பளுவைக் கீழ்நோக்கி முடுக்க அது செலவாகிறது.

பளுவின் எடை என்பது பூமி பளுவை இழுக்கும் விசை. அது செயல்படுவது பளுவின் மேல் மட்டும்தான். ட்ராலியைப் பூமி கிடைமட்டமாக இழுக்கவில்லை. ட்ராலியைத் தொட்டுக்கொண்டு கிடைமட்டமாக இழுக்கக்கூடியது நூல் ஒன்றே. ஆகவே “எடை நூல் வழியாக ட்ராலிக்கு வருகிறது” என்ற வாக்கியத்தில்தான் கோளாறு. நூல் எடையைக் கடத்துவதில்லை. தன் இழுவிசையைத்தான் இரண்டு முனையிலும் காட்டுகிறது. அந்த இழுவிசை எவ்வளவு என்பது முன்கூட்டியே தெரியாது, கணக்கிட்டுத்தான் எடுக்க வேண்டும்.

தனித்த பொருள் விசைப்படம் இரண்டு வரையுங்கள். ஒன்றில் ட்ராலி மட்டும்: கீழ்நோக்கி எடை 4.9, மேல்நோக்கித் தடத்தின் செங்குத்து விசை 4.9, கப்பியின் பக்கமாக இழுவிசை. இன்னொன்றில் பளு மட்டும்: கீழ்நோக்கி 0.98, மேல்நோக்கி இழுவிசை. பளு கீழ்நோக்கி முடுக்கம் அடைகிறது என்றாலே நிகர விசை கீழ்நோக்கித்தான் இருந்தாக வேண்டும். அதாவது இழுவிசை 0.98-ஐவிடக் குறைவாக இருந்தே தீரும். கணக்குப் போடும் முன்பே இது தெரிந்துவிடுகிறது.

உங்கள் இரண்டாவது முயற்சி அடிப்படையில் சரியான வழிதான், குறிதான் இடறியது. ட்ராலி கப்பியை நோக்கிப் போவதை நேர்த்திசை என்று எடுத்துவிட்டால், பளு கீழே போவதும் நேர்த்திசையாக இருக்க வேண்டும். ஒரே நூலில் கட்டியிருப்பதால் இரண்டின் முடுக்கமும் ஒன்றே. ஒன்று முன்னேறினால் மற்றது இறங்குகிறது. நீங்கள் பளுவுக்கு மேல்நோக்கியதை நேராக எடுத்துவிட்டு முடுக்கத்தை அப்படியே விட்டுவிட்டீர்கள். திருத்தினால்:

இழுவிசை = 0.5 × முடுக்கம்
0.98 − இழுவிசை = 0.1 × முடுக்கம்

கூட்டினால் 0.98 = 0.6 × முடுக்கம், முடுக்கம் 1.633, இழுவிசை 0.817. உங்கள் 2.45-க்கு இழுவிசை 1.225 வரும். எடையைவிட இழுவிசை அதிகம் என்றால் பளு மேலே ஏற வேண்டும்! இந்தச் சோதனைக்குப் பத்து நொடி போதும். தேர்வில் விடை எழுதிய கையோடு இதைச் செய்து பார்ப்பவர்கள் குறிப்பிழையில் மதிப்பெண் இழப்பதில்லை.

எல்லை நிலைகளையும் பாருங்கள். ட்ராலியைக் கையால் பிடித்திருக்கும்போது முடுக்கம் சுழி, இழுவிசை முழு 0.98. விட்ட கணமே அது 0.817-க்கு இறங்குகிறது. ட்ராலிக்கும் நூலுக்கும் நடுவில் விசை உணரி மாட்டினால் வரைபடத்தில் இந்தப் படி தெளிவாக விழும். ட்ராலி மிக மிகக் கனமானால் முடுக்கம் சுழியை நெருங்கும், இழுவிசை எடையை நெருங்கும். ட்ராலியே இல்லாவிட்டால் பளு 9.8-உடன் தடையின்றி விழும், இழுவிசை சுழி. “இழுவிசை எப்போதும் எடைக்குச் சமம்” என்ற எண்ணம் இந்தக் கடைசி நிலையிலேயே உடைந்துவிடும்.

மூன்றாம் விதி: ட்ராலியின் முடுக்கத்தைத் தீர்மானிப்பவை ட்ராலியின் மேல் செயல்படும் விசைகள் மட்டுமே. ட்ராலி நூலை இழுப்பது நூலின் கணக்கில் சேரும். வெவ்வேறு பொருள்களின் மேல் செயல்படும் இரண்டு விசைகளைக் கூட்டிக் கழிக்க எந்த விதியும் இடம் தரவில்லை. இதே இடத்தில் இன்னொரு பொறியும் உண்டு: ட்ராலியின் எடையும் செங்குத்து விசையும் சமமாகவும் எதிராகவும் இருப்பதால் அவைதான் செயல், எதிர்ச்செயல் என்று எழுதிவிடுவார்கள். இல்லை. இரண்டும் ட்ராலியின் மேலேயே செயல்படுகின்றன. ஒன்று ஈர்ப்பு, மற்றது தொடுவிசை. அவை இங்கே சமமாக இருப்பது செங்குத்துத் திசையில் முடுக்கம் இல்லாததால், அதாவது இரண்டாம் விதியால். எடையின் எதிர்ச்செயல், ட்ராலி பூமியை 4.9 நியூட்டனுடன் மேல்நோக்கி ஈர்ப்பது.

ஒருவரிக்கணக்கு

இவ்வளவு சுற்றத் தேவையில்லை. ட்ராலி, நூல், பளு மூன்றையும் ஒரே அமைப்பாக எடுத்துக்கொண்டால் நகர்த்தும் விசை 0.98, நகரும் நிறை 0.6. முடுக்கம் ஒரே வரியில் 1.63. இழுவிசை அமைப்புக்கு உள்ளே இருப்பது, அது கணக்கில் வராது. பல தெரிவு வினாவுக்கு இதுதான் வேகம்.

இன்னொன்று: சில செய்முறைக் கையேடுகளில் “விசை = தொங்கும் எடை” என்றே போட்டு ட்ராலியின் நிறையால் மட்டும் வகுத்திருப்பார்கள். பளு ட்ராலியைவிட மிகச் சிறியதாக இருந்தால் மட்டும் அந்தக் கணக்கு பொருந்தும். 500 கிராம் ட்ராலிக்கு 10 கிராம் பளு என்றால் பிழை 2 சதவீதம். 100 கிராம் என்றால் 20 சதவீதம், 1.96-க்கும் 1.63-க்கும் உள்ள இடைவெளி அதுதான்.

விசைப்படம்

முடுக்கத்துக்கு அந்த வழி சரி, மறுக்கவில்லை. ஆனால் கேள்வியே இழுவிசையைப் பற்றியது; அமைப்பு முறை மறைப்பதும் அதைத்தான். நூல் எத்தனை நியூட்டனில் அறும், ட்ராலியின் மேல் வைத்த பெட்டி சறுக்குமா என்றெல்லாம் கேட்டால் மீண்டும் ஒவ்வொரு பொருளாகப் பிரித்தே ஆக வேண்டும். முதலில் பிரித்து எழுதிப் பழகிவிட்டு, பிறகு அமைப்பு முறையைச் சரிபார்க்க வைத்துக்கொள்வதே நல்லது.

நூலின் இரு முனையிலும் இழுவிசை சமம் என்பதைப் பலர் மூன்றாம் விதி என்று நினைக்கிறார்கள். அது இரண்டாம் விதியின் விளைவு: நூலின் நிறை கிட்டத்தட்டச் சுழி என்றால் அதை முடுக்க நிகர விசை தேவையில்லை, ஆகவே இரு முனை இழுப்பும் சமம். கப்பிக்கு நிறை இருந்தால் இந்தச் சமத்துவம் போய்விடும். 20 கிராம் திண்மத் தட்டுக் கப்பி என்றால், அதன் நிலைமத் திருப்புத்திறன் (சுழற்சி மாறுவதை எதிர்க்கும் தன்மை) காரணமாகப் பாதி நிறை, அதாவது 10 கிராம், நகரும் நிறையோடு சேர்ந்ததுபோல் நடக்கும். முடுக்கம் 0.98 / 0.61 = 1.607. பளுவின் பக்கத்து இழுவிசை ட்ராலியின் பக்கத்தைவிட 0.016 நியூட்டன் அதிகமாக இருக்கும். அந்த வித்தியாசம்தான் கப்பியைச் சுழற்றுகிறது.

ஆய்வுமேசை

1.48 பற்றி யாரும் தொடவில்லை. அதற்கு வருகிறேன்.

உராய்வின் மேல் பழி போடும் முன் நேரத்தைப் பாருங்கள். முடுக்கம் 1.633 என்றால் 80 செ.மீ. ஓட ஆக வேண்டிய நேரம் 0.99 வினாடி. நீங்கள் எடுத்தது 1.04. வித்தியாசம் 0.05 வினாடி! கண்ணால் பார்த்துக் கையால் அழுத்துவதற்கே ஏறத்தாழ 0.2 வினாடி ஆகும். தொடக்கத்திலும் முடிவிலும் அந்தத் தாமதம் ஒரே அளவாக இருக்காது. நேரம் வர்க்கமாக வருவதால் நேரத்தில் 5 சதவீதப் பிழை முடுக்கத்தில் 10 சதவீதமாகிவிடுகிறது. சராசரி எடுத்தால் இங்கும் அங்கும் சிதறுவது குறையும். எப்போதும் தாமதமாகவே அழுத்துகிற பழக்கம் எத்தனை முறை எடுத்தாலும் சராசரியில் அப்படியே உட்கார்ந்திருக்கும். ஆகவே உங்கள் 1.48-ஐ வைத்து உராய்வைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது.

போட்டோகேட் (ஒளிக்கற்றையை ட்ராலி மறைக்கும் கணத்தைப் பதியும் கருவி) இருந்தால் பயன்படுத்துங்கள், ஆனால் அதிலும் ஒரு வலை உண்டு. முதல் கேட்டுக்கு 1 செ.மீ. பின்னால் ட்ராலியை நிறுத்தி விட்டுவிட்டு, “ஓய்விலிருந்து” என்று கணக்கிடுவார்கள். அந்த 1 செ.மீ.-ஐக் கடக்கவே 0.11 வினாடி ஆகிறது; கேட்டை எட்டும்போது வேகம் ஏற்கெனவே 0.18 மீ/வி. அதிலிருந்து 80 செ.மீ.-க்குக் கடிகாரம் காட்டுவது 0.885 வினாடி. பழைய வாய்பாட்டில் போட்டால் முடுக்கம் 2.04! உராய்வே இல்லாத கணக்கைவிட 25 சதவீதம் அதிகம். இதில் கொடுமை என்னவென்றால், 1.96 சரி என்று நம்புகிறவருக்கு இந்தத் தவறான அளவீடு துணைக்கு வந்து நிற்கும்.

தப்பிக்க வழி, ஓய்வு என்ற நிபந்தனையையே விட்டுவிடுவது. ட்ராலியின் மேல் 5 செ.மீ. அகல அட்டை ஒன்றை நிறுத்தி, இரண்டு கேட்டிலும் அது ஒளியை மறைக்கும் நேரத்தை எடுங்கள். அகலத்தை நேரத்தால் வகுத்தால் வேகம். பிறகு இரண்டு வேகங்களின் வர்க்க வித்தியாசத்தைக் கேட்டுகளுக்கு இடைப்பட்ட தொலைவின் இரு மடங்கால் வகுங்கள். எங்கிருந்து விட்டீர்கள் என்பது இதற்குத் தேவையே இல்லை.

கேட் இல்லாவிட்டால் போனில் நொடிக்கு 240 ஃப்ரேம் வீடியோ போதும். ஒரு ஃப்ரேம் ஏறத்தாழ 4 மில்லிவினாடி. இரண்டு எச்சரிக்கைகள். மெதுவாக ஓடும் வீடியோவில் திரை காட்டும் நேரத்தை எடுக்காதீர்கள். 240-இல் எடுத்து 30-இல் ஓட்டினால் நேரம் 8 மடங்காகும், முடுக்கம் 64 மடங்கு குறைந்து தெரியும். ஃப்ரேம்களை எண்ணுங்கள். அடுத்து, அளவுகோலை ட்ராலி ஓடும் அதே தளத்தில் வையுங்கள். கேமரா 2 மீட்டரில் இருக்க, அளவுகோல் தடத்துக்கு 10 செ.மீ. பின்னால் இருந்தால் எல்லாத் தொலைவும் 5 சதவீதம் கூடுதலாக வரும். 1.56 என்று வர வேண்டியது 1.64 ஆகி, புத்தக விடை கிடைத்துவிட்டது என்று மகிழ்ச்சியாக எழுதிவிடுவோம்.

மற்ற காரணங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தடம் மட்டமாக இல்லாமல் மீட்டருக்கு 1 மி.மீ. ஏறினாலே முடுக்கம் 0.008 குறையும், 1 செ.மீ. என்றால் 0.08. குமிழ்மட்டம் வைத்துப் பாருங்கள். நூல் தடத்துக்கு இணையாக இருக்கும்படி கப்பியின் உயரத்தைத் திருத்துங்கள், 2 செ.மீ. உயர வித்தியாசம் தூரத்தில் ஒன்றும் செய்யாது, கப்பிக்கு 10 செ.மீ. அருகில் வரும்போது கோணம் 11 பாகைக்கு மேல் போய் கிடைமட்ட இழுப்பு 2 சதவீதம் குறையும். 80 செ.மீ. முடியும் முன் பளு தரையைத் தொட்டால் கடைசிப் பகுதியில் நூல் தொய்ந்துவிடும்; அங்கே முடுக்கமே இல்லை.

நூல்முனை

நன்றி. ட்ராலி விசைப்படத்தில் பளுவின் எடையைச் சேர்த்ததுதான் சிக்கல் என்று இப்போது தெரிகிறது. தடத்தை மட்டப்படுத்தி, 240 ஃப்ரேமில் எடுத்துக் கணக்கிட்டால் 1.56 வருகிறது. அளவுகோல் தடத்தை ஒட்டியே இருந்தது. மிச்சமுள்ள 0.07 உராய்வுதானா, கப்பியா? இரண்டையும் பிரிக்க வழி உண்டா? கப்பி 20 கிராம் தட்டு.

ஆய்வுமேசை

உண்டு, உங்கள் வீடியோவிலேயே அதற்கான தரவு இருக்கலாம். பளு தரையைத் தொட்ட பிறகு ட்ராலி என்ன செய்கிறது என்று பாருங்கள். நூல் தொய்ந்துவிட்டதால் இழுவிசை சுழி. கப்பிக்கும் ட்ராலிக்கும் தொடர்பே இல்லை. அப்போது ட்ராலியைத் தடுப்பது அதன் சக்கர உராய்வு மட்டுமே (காற்றின் தடை இந்த வேகத்தில் மிகச் சிறிது). உராய்வே இல்லையென்றால் முதல் விதிப்படி மாறாத வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும்.

எதிர்பார்க்க வேண்டிய எண்களை முன்பே போட்டுக்கொள்ளுங்கள். கப்பியின் நிறையைப் புறக்கணித்தால், தடுக்கும் விசை 0.98 − 0.6 × 1.56 = 0.044 நியூட்டன். அது முழுக்க ட்ராலியின் உராய்வு என்றால் தொய்வுக்குப் பிறகு வேகக்குறைப்பு 0.044 / 0.5 = 0.088 மீ/வி². கப்பியின் 10 கிராமைச் சேர்த்தால், 0.98 − 0.61 × 1.56 = 0.028 நியூட்டன், வேகக்குறைப்பு 0.057.

அளந்த வேகக்குறைப்பு 0.057-ஐ ஒட்டி வந்தால், கப்பியின் நிறையும் ட்ராலியின் உராய்வுமே எல்லாவற்றையும் விளக்கிவிடுகின்றன. அதைவிடக் குறைவாக வந்தால் மீதி கப்பியின் அச்சு உராய்வு. அச்சில் நூல் துகள் சிக்கியிருக்கிறதா என்று பார்க்கவும். 0.088-ஐ நெருங்கினால் கப்பியின் நிறை சக்கரத்தின் விளிம்பில் இல்லாமல் நடுவில் குவிந்திருக்கலாம்.

இந்த அளவீட்டுக்குத் தடம் நீளமாக வேண்டும். 1.0 மீ/வி வேகத்தில் நுழையும் ட்ராலி, வேகக்குறைப்பு 0.088 என்றால், 50 செ.மீ. கடந்த பின் 0.955 மீ/வி. வித்தியாசம் சிறியது, ஆகவே பளுவின் நூலை நீளமாக்கி 30 செ.மீ.-இலேயே தரையைத் தொடவிடுங்கள், மீதித் தடம் முழுவதும் அளக்கக் கிடைக்கும். தடம் மிக நுண்ணிய அளவுக்கு மட்டமாக இருக்க வேண்டியதும் இங்கேதான்: மீட்டருக்கு 1 மி.மீ. சரிவு 0.01 மீ/வி² சேர்த்துவிடும். தடத்தை முனை மாற்றி வைத்து இன்னொரு முறை எடுத்துச் சராசரி பார்த்தால் மேசையின் சரிவு நீங்கிவிடும்.

ஒருவரிக்கணக்கு

ஒற்றை ஓட்டத்தை நம்புவதைவிட வரைபடம் மேல். ஆனால் அதிலும் பாதிப் பேர் தவறுவது ஒரே இடத்தில்: மேசையிலிருந்து எடைக்கற்களை எடுத்துத் தொங்கவிட்டுக்கொண்டே போவார்கள். மொத்த நிறையும் கூடவே ஏறும். 500 கிராம் ட்ராலிக்கு 50, 100, 200, 400 கிராம் பளு போட்டால் முடுக்கம் 0.89, 1.63, 2.80, 4.36, கோடு வளைந்து 9.8-ஐ நோக்கித் தட்டையாகும். “இரண்டாம் விதி நேர்கோடாக வரவில்லை” என்று எழுதிவிடுவார்கள்.

எல்லாக் கற்களையும் முதலில் ட்ராலியில் ஏற்றுங்கள். பிறகு 20 கிராம் வீதம் ட்ராலியிலிருந்து எடுத்துத் தொங்கும் தட்டில் போடுங்கள். மொத்தம் எப்போதும் 600 கிராம். உராய்வு இல்லையென்றால் 20 முதல் 100 கிராம் வரை 0.33, 0.65, 0.98, 1.31, 1.63 என்று நேர்கோடு கிடைக்கும். தொங்கும் எடையைக் கிடை அச்சில் வைத்தால் சாய்வு 1 / 0.6 = 1.67, கப்பியைச் சேர்த்தால் 1.64. உராய்வு, கோட்டை ஆதிப்புள்ளியிலிருந்து வலப்பக்கம் தள்ளும்; எடை அச்சை வெட்டும் இடமே உராய்வு விசை. கற்கள் நகர நகர ட்ராலி லேசாவதால் உராய்வும் சிறிது குறையும், இந்த அளவில் அதைக் கண்டுகொள்ள வேண்டாம்.

உராய்வை ஈடுகட்டத் தடத்தைக் கப்பியின் பக்கம் சற்றே தாழ்த்துவதும் உண்டு: பளு இல்லாமல் மெல்லத் தள்ளிவிட்ட ட்ராலி, வேகம் கூடாமலும் குறையாமலும் ஓட வேண்டும். உராய்வும் சரிவின் வழியிலான எடைக்கூறும் இரண்டுமே ட்ராலியின் நிறைக்கு நேர்விகிதம் என்பதால், ஒருமுறை சரிசெய்தால் கற்களை மாற்றினாலும் அந்தச் சரிவே போதும். அதிகமாகத் தாழ்த்திவிட்டால் கோடு முடுக்க அச்சை மேலே வெட்டும். தொங்கும் எடை சுழியாக இருக்கும்போதே முடுக்கம் இருப்பதாகக் காட்டும். அந்த வெட்டுத்துண்டைப் பார்த்தாலே தடத்தை எந்தப் பக்கம் திருத்த வேண்டும் என்று தெரியும்.